மூன்றாம் பக்கத்தில் பெய்த மழை

என்னுடைய முதல் புனைகதை சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலானது. அப்போது எனக்கு வயது பதினொன்று. பிற்பாடு நான் எழுதிய எதுவும் அவ்வளவு தூரம் போகவில்லை. பெரும்பாலானவை பதிப்பாளர் வீட்டுப் பரண் வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டன.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. போலீஸ் கூட்டிப் போய்த் திரும்பி வராத ஒரு மனிதரைப் பற்றி அவருடைய மனைவி சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் அது. அதில் ஆறு வரி நான் சொந்தமாகச் சேர்த்தேன். சேர்த்ததோடு விடாமல் மழையும் பெய்ய வைத்தேன். சித்திரை மாதத்தில், திருவண்ணாமலையில்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. அம்மா திருவூடல் தெருவில் ஒரு பாத்திரக் கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தாள். அப்பா நகராட்சியில் குமாஸ்தா. வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தார்கள், ஒருவர் பயந்தார். பயந்தவர் அப்பா.

உங்களில் பாதிப் பேர் அப்படி ஒரு மாடியில் ஒரு வருஷமாவது உட்கார்ந்திருப்பீர்கள். பத்தாவது எழுதிய பெண்ணை ரிசல்ட் வருவதற்குள் டைப்பில் முதல் பரீட்சையான லோயருக்கு அனுப்பிவிடுவது நம் காலத்து வழக்கம். அதனால் அந்தச் சத்தத்தை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பதினொரு மெஷின். அவற்றில் ஆறு தமிழ். ரிப்பன் மை, மெஷின் எண்ணெய், அச்சு எழுத்துகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யும் மண்ணெண்ணெய், இவற்றுக்கு நடுவில் பத்துப் பதினைந்து தலைகளின் கனகாம்பரமும் மல்லியும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் என் சுண்டுவிரல் தானாக "ய" தேடுகிறது. யளனகபக, டைப்பில் முதல் பாடம். மந்திரம் மாதிரி அது. ஒரு பலனும் கிடையாது, மறக்கவும் மாட்டேன் என்கிறது.

அம்மாவிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "கண்ணு மேட்டர்ல இருக்கணும், விரலு கீபோர்டுல இருக்கணும். மனசு எங்க வேணா இருக்கட்டும், மேட்டர்ல மட்டும் இருக்கக் கூடாது." மேட்டர் என்றால் பார்த்து அடிப்பதற்காகக் கொடுக்கும் தாள். அதைப் படித்து அர்த்தம் செய்துகொள்ள ஆரம்பித்தால் வேகம் போய்விடும் என்பது அவள் கட்சி. எங்கள் மாடியில் படித்த பெண்கள் காலரா அறிவிப்பு, நில ஏலம், யாரோ ஒரு தாசில்தாரின் விடுப்பு விண்ணப்பம் என்று ஆயிரம் பக்கம் அடித்திருப்பார்கள். ஒரு வரி என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்களில் பலர் பிறகு அரசாங்க உத்தியோகத்தில் நன்றாக முன்னுக்கு வந்தார்கள்.

அந்த வாக்குமூலத்தை எழுதிய வக்கீல் அதே தெருவில் ஆறு வீடு தள்ளிக் குடியிருந்தார். வாடகை வீடு. "மனித உரிமை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர் வாய்க்கால் வக்கீல். வரப்புத் தகராறு, பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர், இந்த மாதிரி வழக்குகள். மூக்குப்பொடி போடுவார். குரல் பெரிசு, கேஸ் ஜெயிப்பது கம்மி. அந்த வருஷம் மலையோரக் கிராமங்களில் போலீஸ் ஜீப் அடிக்கடி போய் வந்தது. கூலி ஜாஸ்தி கேட்டவர்களைக்கூடத் தீவிரவாதி என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை. வராத ஒருவரைப் பற்றி, நான் முதலில் சொன்னவர் இல்லை, இவர் வேறு ஆள், வக்கீல் ஸ்டேஷனுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினார். அதற்கும் இல்லை. சிவில் வக்கீலுக்கு நோட்டீசுக்குப் பதில் வராமல் இருப்பதைப்போல அவமானம் வேறு கிடையாது. அவர் இந்த வழியாகத்தான் அந்த விவகாரத்துக்குள் நுழைந்தார் என்பது என் கணிப்பு. கொள்கை எல்லாம் உள்ளே போன பிறகு வந்திருக்கும்.

அரசாங்கம் அவருக்குப் பதில் போடவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குப் போட்டது. வீட்டுக்காரர் திடீரென்று தன் மருமகனுக்கு அந்த வீடு வேண்டும் என்றார். அவருக்கு மகளே இல்லை. வக்கீலின் குமாஸ்தா தலைசுற்றல் என்று நின்றுகொண்டார். கோர்ட்டு கேண்டீனில் இவர் உட்கார்ந்தால் மற்ற வக்கீல்கள் காபியைப் பாதியில் விட்டு எழுந்தார்கள். ஒருநாள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, சுவரில் ஒட்டிய ஏதோ நோட்டீஸ் அவர் மெஷினில் அடித்ததா என்று பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, அவருடைய டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரசீதில் "பழைய மெஷின் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் "பழைய" என்ற சொல்லுக்கு மட்டும் அவர் ஒரு மாதம் கோபப்பட்டார். மெஷின் கடைசி வரை வரவில்லை. கோர்ட்டு வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து அடிப்பவர்களிடம் போனால் ஒருவருக்கு ரிப்பன் இல்லை, ஒருவருக்குக் கை வலி.

இந்த நிலைமையில்தான் மல்லாட்டை அக்கா வந்தாள்.

செங்கம் பக்கத்துக் கிராமம். மடியில் ஒரு படி பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கட்டிக்கொண்டு வருவாள், அதனால் நான் வைத்த பெயர் அது. வக்கீல்தான் அவளை எங்கள் மாடிக்கு அழைத்து வந்தார். மத்தியானம், வகுப்பு இல்லாத நேரம். அவள் பெஞ்சில் உட்காரவில்லை, கீழே உட்கார்ந்தாள்.

"களத்துல மல்லாட்டை காய வெச்சிகினு இருந்தோம்மா. ஜீப்பு வந்துது. ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடுன்னு சொல்லி எங்கூட்டுக்காரர இட்டுகினு பூட்டாங்க. இருவது நாளு ஆவுது. இந்த ஸ்டேஷன்ல கேட்டா அந்த ஸ்டேஷன்றாங்க, அங்க போனா இங்கன்றாங்க. இன்னா ஜீப்பு, எந்த ஜீப்புன்றாங்க. எம்புள்ள மூணாவது படிக்குது. அது ஜீப்பு நம்பர்ல கடேசி ரெண்ட படிச்சி வெச்சிகினு கீது. அத்த சொன்னா, போ போன்றாங்க."

வக்கீல் ஆறு தாளை மேஜைமேல் வைத்தார். அவர் கையால் எழுதிய வாக்குமூலம்.

"டீச்சரம்மா, ஆறு பக்கம், நாலு காப்பி. மெட்ராஸ்ல ஒரு சீனியர் தாக்கல் பண்றேன்னிருக்காரு. லீவு கோர்ட்டு புதன்கிழமதான் உட்காரும். விட்டா அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் போட்டா என்ன?"

"அடுத்த வாரம் அந்த ஆளு உசுரோட இருப்பானான்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டு கேட்டுட்டா, போலீஸ்காரங்க கொஞ்சம் யோசிப்பாங்க."

அம்மா தாள்களை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தாள். "என் மெஷின்ல அடிச்சா கண்டுபிடிப்பாங்களா?"

"ஒரு மெஷின்ல அடிச்சா கண்டுபிடிப்பாங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எழுத்து சாயும், ஒரு எழுத்து தேயும்."

"ஆறு மெஷின்ல அடிச்சா?"

வக்கீல் பொடி டப்பாவைத் திறந்தார், போடாமலே மூடினார்.

சமையலறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்தது இது:

"ஏண்டி, எனக்கு இருக்கறது ஒரு வேல."

"எனக்கும் ஒரு வேலதான். மேட்டர் குடுக்கறது. பரீட்சை வருது. பழைய மேட்டரையே எத்தன வாட்டி அடிப்பாளுங்க? தூக்கத்துல அடிக்கறாளுங்க."

"அதுக்கு இதுதான் கெடச்சுதா?"

"இதுல என்ன எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் படிக்கல. நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப மாட்டினா நீங்கதான் மாட்டணும்."

அப்பா அன்று இரண்டு முறை குளித்தார்.

மஃப்டிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வீட்டைக் கண்காணிக்க எதிர்ச்சாரி சைக்கிள் கடையில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருந்தார்கள். சாதாரண உடை, காலில் மட்டும் இலாகா கொடுத்த செருப்பு. அவர் போலீஸ் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பூக்கார அம்மா, "சார், இன்னிக்கி எத்தன மணி வரைக்கும் டூட்டி?" என்று சத்தமாகக் கேட்பாள். சைக்கிள் கடை தகரக் கூரை. எங்கள் மாடியில் ஃபேன் உண்டு, ஜன்னலிலிருந்து வக்கீல் வீட்டு வாசலும் தெரியும். மாசி மாதமே அவர் லோயரில் சேர்ந்துவிட்டார்.

"டைப்பு தெரிஞ்சா எங்க டிபார்ட்மெண்டுல ரைட்டர் ஆவலாம் டீச்சரம்மா."

"எந்த டிபார்ட்மெண்டு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "விவசாயம்."

"விவசாயத்துல இப்ப இந்தக் கலர்ல செருப்பு குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா பெயரை எழுதிக்கொண்டாள்.

ஆனால் அவருக்கு விரல் நன்றாக வந்தது. எல்லா எழுத்திலும் ஒரே அழுத்தம், நாலாவது கார்பன் காப்பி வரைக்கும் தெளிவு. அம்மாவுக்கு அது போதும். அவள் மனிதர்களை அழுத்தத்தை வைத்துத்தான் எடைபோட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு தமிழ் மெஷினுக்கும் ஆறு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தபோது இரண்டாம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணை மேட்டரில் வைத்து, மனசை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, கடகடவென்று அடித்தார். எந்த ஊர், எந்த ஸ்டேஷன், எந்தத் தேதியில் யார் வந்து கூட்டிப் போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா துணிச்சலால் அப்படிச் செய்தாளா, அவளுக்கும் உண்மையிலேயே மேட்டர் வெறும் மேட்டர்தானா என்பது எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை.

மூன்றாம் மெஷின் பெண்ணுக்கு அன்று பொன்னுக்கு வீங்கி. வரவில்லை.

"நான் அடிக்கிறேம்மா" என்றேன்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் வக்கீல் கிளம்ப வேண்டும். "தப்பு வந்துச்சுன்னா தோல உரிச்சிடுவேன்" என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் எழுத்துப் பணி நியமனம்.

என் சிக்கல், நான் மெதுவாக அடிப்பவள். மெதுவாக அடித்தால் படிக்காமல் இருக்க முடியாது. அந்த அறையிலேயே மேட்டரைப் படித்த ஒரே ஆள் நான்தான். படித்ததும் ஏமாற்றமாக இருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறிய மூளை என்னுடையது. ஒரு மனிதனைப் போலீஸ் பிடித்துப் போகிறது என்றால் எவ்வளவு இருக்க வேண்டும்! இங்கே அவர் நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார். கையில் முறம் இருந்தது. ஜீப்பில் ஏறச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போது" என்ற சொல் அந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் வந்தது. டைப் அடித்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரியும். முதல் "அப்போது" அடித்துவிட்டுக் கண் திரும்பும்போது இரண்டாவது "அப்போது"வில் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கம் முடிந்தபோதுதான் தெரிந்தது, ஆறு வரி காணோம். லுங்கி, முறம், அவர் ஒன்றும் சொல்லாதது, மூன்றாவது படிக்கும் மகன் படித்துச் சொன்ன ஜீப் நம்பர், எல்லாம் போய்விட்டன. தாளின் அடியில் ஆறு வரி வெள்ளையாக நின்றது. அம்மாவின் மாடியில் தாள் அப்படி நிற்கக் கூடாது. நாலு தாள், மூன்று கார்பன் வைத்து முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மணி பதினொன்றே கால்.

விட்ட வரிகளையே கடைசியில் சேர்த்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த யோசனை எனக்கும் வந்தது, ஒரு நாற்பது வருஷம் கழித்து. அன்று வந்தது வேறு. வெள்ளை இடம் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். வானம் இருண்டு இடியோடு மழை பெய்யத் தொடங்கியதாக அடித்தேன். அவர் நனைந்தபடியே திரும்பிப் பார்த்ததாக அடித்தேன். "என் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை, நான் வந்துவிடுவேன்" என்று மனைவியிடம் சொன்னதாக அடித்தேன். ஆறு வரியும் கச்சிதமாக நிறைந்தன. என் கண்ணில் தண்ணீர் வந்தது. என் எழுத்தைப் படித்து அழுத முதல் வாசகி நான். இன்றுவரை போட்டி அதிகமில்லை.

அம்மா பக்கங்களைச் சரிபார்த்தாள். அவள் சரிபார்ப்பதும் அவள் சட்டப்படிதான். எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள், வாக்கியத்துக்குள் போகமாட்டாள். "ஒரு தப்புகூட இல்லடி" என்றாள் ஆச்சரியமாக. என் வாழ்க்கையில் அம்மாவிடம் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

வக்கீலும் மல்லாட்டை அக்காவும் பஸ் ஏறினார்கள். வழியில் அவர் தன் கையெழுத்துப் பிரதியை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினாராம். மெட்ராஸில், நாங்கள் டைப் அடித்த பிரதியில் அவள் பெருவிரல் வைத்தாள். ஒரு கார்பன் காப்பியை அவளிடமே கொடுத்தார்கள். புதன்கிழமை தாக்கலாயிற்று. போலீஸ் இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. வக்கீல் மாடிக்கு வந்து அம்மாவிடம், "கேட்டுட்டாங்க டீச்சரம்மா. இனிமே ஆளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அப்போதுதான் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தேன். பல் நன்றாக இல்லை.

பதில் சொல்ல வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவரைக் கோர்ட்டு வாசலில் வைத்துப் பிடித்தார்கள்.

ஜீப் இருந்தது. ஆனாலும் நடத்தித்தான் கூட்டிப் போனார்கள். கறுப்புக் கோட்டோடு, கையில் விலங்கோடு, காலை பதினொரு மணிக்கு, தேரடித் தெரு வழியாகக் கூட்டி வந்து, வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றி, அவர் குடியிருந்த தெருவிலும். நான் குட்டை. எங்கள் ஜன்னலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்களின் சடைதான். ஆனால் குரல் கேட்டது. அவர் ஒவ்வொரு கடையாகப் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தார். "இன்னா செட்டியாரே, சௌக்கியமா? அய்யரே, கால் வலி தேவலையா?"  பதிலுக்கு ஷட்டர் இறங்கும் சத்தம் ஒன்றிரண்டு வந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்றாள் அம்மா. "உக்காருங்க. அடிங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பதினொரு மெஷினும் ஒரே நேரத்தில் கிளம்பின. வக்கீலின் குரல் அதில் மூழ்கிவிட்டது. மஃப்டிக்காரரும் அன்று வந்திருந்தார். குனிந்த தலையை நிமிர்த்தாமல் அடித்தார். அம்மாவும் ஷட்டர்தான் இறக்குகிறாள் என்று அன்று நினைத்தேன், மனசு விட்டுப்போயிற்று. அது அவருக்குக் கொடுத்த மரியாதை என்று அங்கே படித்த ஒரு அக்கா பின்னால் அடித்துச் சொன்னாள். அம்மாவையே ஒருமுறை கேட்டேன். "பரீட்சைக்கு ஒம்போது நாள் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் பேப்பரை அப்பா மடித்து மடித்து உள்ளங்கை அகலமாக்கி வைத்துப் படித்தார். "பொய் வாக்குமூலம் தயாரிச்சாராம். அதான் கேசு." அம்மா தோசையைத் திருப்பிப்போட்டாள்.

பொய் வாக்குமூலம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மழை. கோர்ட்டில் யாரோ பெரியவர்கள் பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் செங்கம் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. வக்கீல் உள்ளே போனது என் ஆறு வரியால். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் போலீசில் சரணடைவது என்று தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்த போலீஸ் ஒருவர்தான். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்தப் பேப்பர்ல மூணாம் பக்கம் அடிச்சது நான்தான். என்னைப் பிடிச்சிட்டு வக்கீல் மாமாவ விட்டுருங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "எந்தப் பேப்பர்?"

"மல்லாட்டை அக்கா பேப்பர். அன்னிக்கி எல்லாரும் அடிச்சோமே. நீங்ககூட ரெண்டாம் பக்கம் அடிச்சீங்களே."

அவர் முகம் தோலுரித்த வேர்க்கடலை நிறத்துக்கு வந்தது. அவசரமாகச் சுற்றிப் பார்த்தார்.

"பாப்பா, இந்தா" என்று பொட்டலத்தையே என் கையில் கொடுத்தார். "நீ மூணாம் பக்கம் அடிக்கல. நான் ரெண்டாம் பக்கம் அடிக்கல. புரிதா? ரெண்டு புள்ளகுட்டிக்காரன் நானு. போ, போய் வெளையாடு."

"மழ நான் சேத்ததுதான் சார்."

"மழயாவது வெயிலாவது, போம்மா!"

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. எங்கேயோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு வருத்தம். அந்த பேட்ச்சில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கக்கூடிய கை அது ஒன்றுதான் என்றாள்.

சரணடையப் போன இடத்தில் கடலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

போலீஸ் பதில் மனு போட்டது. வக்கீல் உள்ளே இருந்ததால் அதை எதிர்த்து இந்த ஊரிலிருந்து தகவல் திரட்டித் தர ஆள் இல்லை. வழக்கு முடிக்கப்பட்டது. மல்லாட்டை அக்காவின் வீட்டுக்காரர் வரவேயில்லை. வக்கீல் பல மாதம் கழித்து வெளியே வந்தார். அவர்மேல் போட்ட கேஸ் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி, நிரூபிக்கப்படவில்லை என்று ஒருநாள் சத்தமில்லாமல் செத்தது. அதற்குள் வாய்க்கால்கள் எல்லாம் வேறு வக்கீல்களிடம் போயிருந்தன. மல்லாட்டை அக்கா மட்டும் அறுவடைக்கு அறுவடை அவர் வீட்டுக்கு ஒரு படி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள் என்று கேள்வி.

நான் சென்னைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், சிரிக்கச் சிரிக்க எழுதுபவள் என்று சின்னதாக ஒரு பெயர் வாங்கினேன். ஐந்தாறு வருஷம் முன்னால் ஊரில் ஒரு புத்தகக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். முடிந்ததும் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நீங்க டைப்ரைட்டிங் டீச்சர் பொண்ணுதானங்க?" என்றார். பிறகு தன் அம்மா யார் என்று சொன்னார்.

"உங்க இன்ஸ்டிட்யூட்ல அடிச்ச பேப்பர்தாங்க அது. கார்பன் காப்பி இன்னும் எங்கிட்ட இருக்குது. லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் ஏழாவது படிக்கும்போது எடுத்துப் படிச்சேன். ‘பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை’ன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுவரைக்கும் நான் ஸ்கூலுக்கு ஒழுங்காப் போனவன் இல்லீங்க."

நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அம்மாவக் கேட்டா, அவரு வாயே தொறக்கலடான்றாங்க. நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். எனக்கு அது காதுல விழல. மழ பேஞ்சதும் ஞாபகம் இல்ல. ஜீப்பு நம்பர் நான் படிச்சிச் சொன்னதா ஒரு ஞாபகம், ஆனா அது பேப்பர்ல இல்ல. கனவா இருக்கும். சின்னப் பையன் இல்லீங்களா? பேப்பர்ல இருக்கறதுதானே நெசம்."

மூன்று உண்மைகளை அந்த மனிதர் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார், என் ஆறு வரிக்காக. சொல்லியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். "நல்லா இருங்க சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே வக்கீலைத் தேடிப் போனேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த நகர்களில் ஒன்றில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். பொடியை டாக்டர் நிறுத்தியிருந்தார், டப்பாவை அவர் நிறுத்தவில்லை. காது கம்மி, குரல் அதே குரல். வாத்தியாரைப் பார்த்ததைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன், சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. மஃப்டிக்காரர் அடித்த இரண்டாம் பக்கம், பொன்னுக்கு வீங்கி, இரண்டு "அப்போது", ஆறு வரி, ஜீப் நம்பர் போனது, மழை, என்னால்தான் அவர் விலங்கு மாட்டிக்கொண்டு நடந்தது, நாற்பது வருஷமாக இது என்னைத் தின்பது.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, "சித்திரையிலயா?" என்றார்.

"ஆமா சார்."

"நல்ல மழையா?"

"இடியோட சார்."

அவர் டப்பாவைத் தட்டினார். வெகுநேரம் சிரித்தார். இருமல் வந்து மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் வரைக்கும் சிரித்தார்.

"அடப் போம்மா. அவங்க பொய்யின்னு கேசு போட்டது மொத வரிக்கு. ‘நான் இன்னாருடைய மனைவி’ன்னு இருக்குதே, அந்த வரிக்கு. அப்படி ஒரு ஆளே எங்க ரெக்கார்டுல கெடையாதுன்னுட்டான். ஆளே இல்லன்னு ஆனப்புறம் அவன் மழையில நனஞ்சா என்ன, வெயில்ல காஞ்சா என்ன? அந்தப் போலீஸ்காரன் அடிச்ச ரெண்டாம் பக்கத்தையே ஒருத்தனும் திருப்பிப் பாக்கல. உன் மூணாம் பக்கம் வரைக்கும் எவன்மா வந்தான்?"